எல்லா வாயுவும் ஒன்றல்ல



ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். வடக்கே கோலாலம்பூருக்கும் தெற்கே ஜொகூர் பாருவுக்கும், மேற்கே பத்து பகாட்டுக்கும் கிழக்கே குளுவாங்குக்கும் போகின்ற சாலைகள் அங்கேதான் கூடுகின்றன. பஸ்ஸில் போனவர்கள் சாலையோரக் கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பூச்சட்டிகளையும் சாடிகளையும் பார்த்திருப்பீர்கள். மட்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் அது.

மட்பாண்டச் சூளைக்காரரிடம் போய், "விறகு என்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரிப்பார். ஈர விறகு புகையும், காய்ந்த விறகு எரியும், சுள்ளி சட்டென்று பற்றி அணைந்துவிடும், பருத்த கட்டை மெல்லப் பற்றி நின்று எரியும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். நம் வீட்டுப் பாட்டிமார்களும் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பால் மரக் கட்டையை அடுக்கி, அடியில் ஒரு துண்டு ஒட்டுப்பாலைக் கொளுத்தி வைத்து, அதிகாலை 4 மணிக்கே அடுப்பு மூட்டியவர்கள் அல்லவா அவர்கள்!

ஆனால் விறகைப் பற்றி இவ்வளவு தெரிந்த நாம், எரிவாயுவைப் பற்றி மட்டும் "கேஸ் என்றால் கேஸ்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. எரிவாயுவிலும் சுள்ளி உண்டு, கட்டை உண்டு, ஈர விறகு போன்றதும் உண்டு. வாயுவில் என்னென்ன பொருள்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே, அது எப்படிப் பற்றும், எப்படி எரியும், எப்போது ஆபத்தாகும் என்பதெல்லாம் அமைகிறது. இன்றைய உரையில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் சமையலறைக்கு வருவோம்.

வீட்டில் இருக்கும் 14 கிலோ எரிவாயுத் தோம்புக்குள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்தால் இவை இரண்டும் திரவமாகிவிடும். அதனால்தான் தோம்பை அசைத்தால் உள்ளே தண்ணீர்போல் தளும்புகிறது. தொழிற்சாலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் குழாய் வழியாகப் போகும் இயற்கை எரிவாயுவோ வேறு. அதில் பெரும்பகுதி மீத்தேன். அதனுடன் கொஞ்சம் ஈத்தேன், அதைவிடக் குறைவாகப் புரோப்பேன், பியூட்டேன், சிறிது கரியமில வாயு, நைட்ரஜன் ஆகியவையும் இருக்கும்.

மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் ஆகிய நான்கும் உடன்பிறந்தவர்கள் மாதிரி. நான்கிலும் இருப்பவை கரி அணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும்தாம். மீத்தேனில் ஒரு கரி அணு, ஈத்தேனில் இரண்டு, புரோப்பேனில் மூன்று, பியூட்டேனில் நான்கு. கரி அணு கூடக்கூட வாயு கனமாகிறது; எரியும்போது தரும் வெப்பம் கூடுகிறது; எரிவதற்கு வேண்டிய காற்றும் கூடுகிறது. ஒரு படி மீத்தேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 9½ படி காற்று வேண்டும். ஒரு படி புரோப்பேனுக்கு 24 படியும், ஒரு படி பியூட்டேனுக்கு 31 படியும் வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று தாய்மார்கள் கேட்கலாம். அடுப்பின் சுடர் நீலமாக இருந்தால் வாயுவுக்கு வேண்டிய காற்று கிடைக்கிறது என்று பொருள். மஞ்சளாக எரிந்து சட்டியின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவும் சன்னலும் அடைத்த அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஆகவே மஞ்சள் சுடர் வெறும் சட்டி கழுவும் தொல்லை மட்டும் அல்ல. அது ஓர் எச்சரிக்கை.

இன்னொன்றையும் சிலர் கவனித்திருப்பீர்கள். தோம்பு தீரப்போகும் நாள்களில் சுடரின் நுனி மஞ்சளாகிறது. ஏன்? புரோப்பேன் கழிவு 42 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகும். பியூட்டேனோ ஏறக்குறைய பூச்சியம் டிகிரியில்தான் ஆவியாகும். ஆகவே தோம்பிலிருந்து புரோப்பேன் முந்திக்கொண்டு அதிகமாக வெளியேறிவிடுகிறது. கடைசியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும். அடுப்பின் துளையோ அதேதான். ஆகவே நுனி மஞ்சளாகிறது. ஒரே தோம்பின் முதல் நாள் வாயுவும் கடைசி நாள் வாயுவும் ஒன்றல்ல என்பதை உங்கள் அடுப்பே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் தோம்பு நிறைந்திருக்கும்போதே சுடர் மஞ்சளாக எரிந்தால், குற்றம் அடுப்பில்தான். துளைகளில் அழுக்கு அடைத்திருக்கும். சுத்தம் செய்யுங்கள்.

இனி ஒரு முக்கியமான செய்தி. தோட்டம் கைமாறியோ, வேலை தேடியோ, தோட்டத்து லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோகும் குடும்பங்கள் பல. போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களுடன் அடுப்பையும் எடுத்துச் செல்கிறோம். புது வீட்டில் குழாய் வழியாக எரிவாயு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "வாயுதானே" என்று பழைய அடுப்பை அதில் மாட்டலாமா? கூடாது.

அடுப்புக்குள் வாயு சீறி வரும் ஒரு சிறு துளை இருக்கிறது. அதன் அளவு குறிப்பிட்ட ஒரு வாயுவுக்காகச் செய்யப்பட்டது. ஒரு துளை வழியாக எவ்வளவு வெப்பம் வரும் என்பது வாயுவின் வெப்ப அளவையும் அதன் கனத்தையும் பொறுத்தது. இதைக் கணக்கிட ஓர் எண்ணை 1920-களில் இத்தாலியரான வோபே என்பவர் வகுத்தார். அதனை இன்றும் வோபே எண் என்றே அழைக்கிறார்கள். புரோப்பேனுக்கு அந்த எண் ஏறக்குறைய 80. மீத்தேனுக்கு ஏறக்குறைய 50. அதாவது, ஒரே துளை, ஒரே அழுத்தம் என்று வைத்தால், புரோப்பேன் 80 பங்கு வெப்பம் தரும் இடத்தில் மீத்தேன் 50 பங்குதான் தரும். தோம்பு அடுப்பைக் குழாய் வாயுவில் மாட்டினால் சுடர் சோர்ந்துபோகும். குழாய் வாயு அடுப்பைத் தோம்பில் மாட்டினாலோ சுடர் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எழும். கரியும் நச்சு வாயுவும் வரும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் அங்கே இன்னொரு வகை வாயுவையும் பார்த்திருக்கலாம். காலாங் எரிவாயு ஆலை 1862 முதல் 1998 வரை நகருக்கு வாயு தயாரித்து அனுப்பியது. அதற்குப் பிறகு அந்த வேலையைச் செனோக்கோ ஆலை ஏற்றது. இந்த நகர வாயுவில் பாதியளவு ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் சுடர் மீத்தேன் சுடரைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு வேகமாக ஓடும். மீத்தேனுக்குச் செய்த அடுப்பில் அதைக் கொளுத்தினால், சுடர் வெளியே நிற்காமல் துளை வழியாக உள்ளேயே ஓடிவிடும். பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை நகர வாயுவை நிறுத்தி இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது, வீடு வீடாகச் சென்று கோடிக்கணக்கான அடுப்புகளையும் கணப்புகளையும் மாற்றியமைத்தார்கள். ஒரு நாடே அத்தனை பாடுபட்டது என்றால், நாம் ஒரு வெள்ளிச் செலவை மிச்சம் பிடிக்க அடுப்பை மாற்றாமல் மாட்டலாமா?

இதுவரை எரிவதைப் பற்றிப் பேசினோம். இனி, பற்றுவதைப் பற்றிப் பார்ப்போம்.

தீக்குச்சி இல்லாமலே, வெறும் வெப்பத்தாலேயே ஒரு வாயு தானாகப் பற்றிக்கொள்ளும் உஷ்ணநிலை ஒன்று உண்டு. மீத்தேனுக்கு அது ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸ். புரோப்பேனுக்கு ஏறக்குறைய 470. பியூட்டேனுக்கு ஏறக்குறைய 400. சோதனை செய்யும் முறைக்குத் தக்கபடி இவை சற்று மாறும். ஆனால் வரிசை மாறாது. மீத்தேன்தான் நால்வரில் பிடிவாதக்காரர்.

காரணம் இதுதான். மீத்தேனில் ஒரு கரி அணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் நாற்புறமும் இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை உடைக்க நிரம்ப வெப்பம் வேண்டும். ஈத்தேன், புரோப்பேன் ஆகியவற்றில் கரிக்கும் கரிக்கும் இடையே உள்ள பிடி அவ்வளவு வலுவானதல்ல. அது முன்னதாகவே உடைந்துவிடும். உடைந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை உடைக்கும். அது அடுத்ததை உடைக்கும். இப்படிச் சங்கிலியாகப் பரவுவதைத்தான் நாம் 'தீப்பற்றியது' என்கிறோம்.

இயற்கை எரிவாயுவில் ஈத்தேனும் புரோப்பேனும் சிறிதளவே இருந்தாலும், அவை முதலில் உடைந்து, பிடிவாதக்கார மீத்தேனையும் உடைக்கத் தொடங்கிவிடும். பால் மரக் கட்டைக்கு அடியில் பாட்டி வைத்த ஒட்டுப்பால் துண்டு செய்த வேலையைத்தான் அவை செய்கின்றன.

வீட்டு அடுப்பில் இது பெரிதாகத் தெரியாது. தீக்குச்சியின் சுடர் எல்லாவற்றையும் பற்றவைத்துவிடும். ஆனால் இயந்திரங்களில் இது பெரிய காரியம். வாயுவால் ஓடும் இயந்திரத்தில், வாயுவையும் காற்றையும் அழுத்திச் சூடாக்கி, சரியான நேரத்தில் பொறி கொடுத்துப் பற்றவைக்கிறார்கள். வாயுவில் புரோப்பேனும் பியூட்டேனும் அதிகமாகிவிட்டால், பொறி மூட்டிய சுடர் பரவி முடிவதற்கு முன்பே, எரியாமல் மிச்சமிருக்கும் வாயு அழுத்தத்தின் வெப்பத்தாலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். அப்படியே ஓடவிட்டால் இயந்திரம் பழுதாகும். இதை அளக்கப் பொறியாளர்கள் 'மீத்தேன் எண்' என்று ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். சுத்தமான மீத்தேனுக்கு 100, ஹைட்ரஜனுக்குப் பூச்சியம். எண் குறையக் குறையத் தட்டல் கூடும்.

நம் நாட்டில் திரங்கானுவின் கெர்த்தேயில் 1984-ல் எரிவாயுப் பதன ஆலை செயல்படத் தொடங்கியது. அங்கிருந்து பெட்ரோனாஸ் நிறுவனத்தின் குழாய், 1990-களின் தொடக்கத்தில் சிகாமட் வழியாகத் தெற்கே ஜொகூர் பாரு வரையிலும், அதைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. பதன ஆலையில் செய்யும் முக்கிய வேலையே, கடலடியிலிருந்து வந்த வாயுவைப் பிரித்து, புரோப்பேனையும் பியூட்டேனையும் தனியே எடுப்பதுதான். உங்கள் வீட்டுத் தோம்புக்கு வருவதும், தொழிற்சாலைக் குழாயில் போவதும் இப்படித்தான் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டதுபோல் பிரிகின்றன. பிறகு 2013-ல் மலாக்காவின் சுங்கை ஊடாங்கிலும், 2017-ல் ஜொகூரின் பெங்கெராங்கிலும், கப்பலில் வரும் திரவ இயற்கை வாயுவை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் நிலையங்கள் ஏற்பட்டன. வெவ்வேறு ஊற்றுகளின் வாயுவில் கலவை வெவ்வேறாக இருக்கும். அதனால்தான் குழாயில் ஓடும் வாயுவை இடைவிடாமல் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைக் கூடங்களிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இனி, நம் தோட்டத்தின் வாசலிலேயே உண்டாகும் வாயுவுக்கு வருவோம்.

'ஆயர் ஈத்தாம்' என்றால் மலாய் மொழியில் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். செம்பனை ஆலையின் பின்புறம் இருக்கும் கழிவுநீர்க் குளத்துக்கும் இந்தப் பெயர் பொருந்தும். அந்தக் குளத்தில் குமிழி குமிழியாக எழுந்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1776-ல் இத்தாலியில் வோல்டா என்னும் விஞ்ஞானி மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். அந்தச் சேற்று வாயுதான் மீத்தேன். நம் ஆலைக் குளத்தில் எழுவதும் அதுவே.

ஒரு டன் ஆலைக் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். நெடுங்காலம் அது வீணாக வானத்தில் கலந்தது. மீத்தேன், கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஆகவே வீணானது மட்டுமல்ல, கேடும் செய்தது. ஜொகூரின் மாசாயில் கெக் செங் ஆலை 1980-களிலேயே இதைப் பிடித்துப் பயன்படுத்தத் தொடங்கியது. 2014 ஜனவரி முதல், புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்க வேண்டும், அல்லது அது உண்டாகாமல் தடுக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டாயமாக்கியது. 2011-ன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின்கீழ், இதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை விற்கவும் வழி ஏற்பட்டது.

இந்த உயிர்வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கரியமில வாயு எரியாது. எரிய விடாமலும் தடுக்கும். நான் முதலில் சொன்ன ஈர விறகு இதுதான். விறகின் ஈரம் வெப்பத்தை விழுங்குவதுபோல், கரியமில வாயு சுடரின் வெப்பத்தை விழுங்குகிறது. சுடர் மெல்ல ஓடும், எளிதில் அணையும். இதன் வோபே எண் 20-க்குச் சற்று மேல்தான். தோம்பு அடுப்பில் இதை அப்படியே விட்டால் சோறு வேகாது. துளையைப் பெரிதாக்கிய தனி அடுப்பு வேண்டும். ஆனால் எந்தக் குறையிலும் ஒரு நிறை உண்டல்லவா? எளிதில் பற்றாத காரணத்தால் இது இயந்திரத்தில் தட்டல் உண்டாக்குவதில்லை. இதன் மீத்தேன் எண் 100-க்கும் மேல். அடுப்புக்குச் சோம்பேறியாகத் தோன்றியது, மின் இயந்திரத்துக்கு நல்ல வேலைக்காரனாகிறது.

ஆனால் இந்த வாயுவில் ஒரு கொலைகாரனும் ஒளிந்திருக்கிறான். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு அது. அளவு மிகச் சிறிதுதான். இயந்திரத்துக்குள் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். மனிதனுக்கோ நஞ்சு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை" என்று நினைப்பவன்தான் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுகிறான். ஆலையில் வேலை செய்யும் தம்பிமார்களே, கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் மூடிய குழிக்குள்ளும் வாயுவை அளந்து பார்க்காமல், மூச்சுக் கருவி இல்லாமல், மேலே காவலாள் நிற்காமல் இறங்காதீர்கள். யார் சொன்னாலும் இறங்காதீர்கள். அப்படி மறுப்பது முரட்டுத்தனம் ஆகாது. அது உங்கள் உரிமை. வீட்டில் உங்களை எதிர்பார்த்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக, வாயுக் கசிவைப் பற்றி ஒரு வார்த்தை.

இயற்கை வாயுவுக்கும் சமையல் வாயுவுக்கும் தானாக மணம் கிடையாது. 1937 மார்ச்சு 18-ந் தேதி அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் அடியில் மணமில்லாத வாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றப் பொருள் சேர்ப்பது சட்டமாயிற்று. இன்று உங்கள் மூக்கில் ஏறும் அந்தக் கெட்ட நாற்றம், அந்தக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்து உலகம் வாங்கிய எச்சரிக்கை.

மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். பியூட்டேன் இரு மடங்கு கனம். ஆகவே தோம்பிலிருந்து கசியும் வாயு தரையில் தண்ணீர்போல் பரவும், சாக்கடைக்குள் இறங்கும், நின்றுகொண்டிருப்பவருக்கு முதலில் நாற்றம்கூடத் தெரியாது. தவழும் குழந்தை அதற்குள்தான் இருக்கும். மீத்தேன் காற்றில் 5 விழுக்காடு கலந்தால்தான் பற்றும். சமையல் வாயுவுக்கோ ஏறக்குறைய 2 விழுக்காடே போதும். பத்தடிக்குப் பத்தடி சமையலறையில் முழங்கால் உயரத்துக்கு அந்த அளவு நிறையக் கால் கிலோ வாயு போதுமானது. அதைக் கொளுத்தத் தீக்குச்சி வேண்டியதில்லை. மின்சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறி போதும்.

ஆகவே நாற்றம் தெரிந்தால் விளக்கைப் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். மின்விசிறியைத் தொடாதீர்கள். அடுப்பில் தீ இருந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவுகளை அகலத் திறந்து, குழந்தைகளையும் முதியோரையும் முதலில் வெளியே அனுப்புங்கள். சாமி விளக்கையும் சாம்பிராணியையும் மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் தோம்புக்குப் பக்கத்தில்தான் அவை இருக்கின்றன. வெளியே வந்த பிறகு 999-க்குத் தொலைபேசியில் அழையுங்கள். தோம்பை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே பீறிட்டு வரும். ரப்பர் குழாயில் வெடிப்புக் கண்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

நேயர்களே, மரத்தைப் பார்த்தே பாலின் அளவைச் சொல்லக்கூடியவர்கள் நாம். குலையைப் பார்த்தே பழம் பழுத்ததா என்று சொல்லக்கூடியவர்கள். அந்தக் கூர்மையான கண்ணை இன்று இரவு ஒரு நிமிடம் உங்கள் அடுப்பின் சுடர்மீது வையுங்கள். அது நீலமாக, சத்தமில்லாமல், நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்து, ஏன் நீலம், ஏன் மஞ்சள் என்று சொல்லிக் கொடுங்கள்.